நேர்ந்து வைத்த பணம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே சில்லறை, அதன் மேல் மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை ரூபாய். தம்பிக்கு மஞ்சள் காமாலை கண்ட வருஷம் பழனிக்கு நேர்ந்துகொண்டு அம்மா முடிந்தது. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்குவார். மண்ணெண்ணெய்க்கு நாலு ரூபாய் குறைந்தால் என் மண் உண்டியலைக் கொண்டை ஊசியால் நெம்புவார். அந்தப் பாட்டில் பக்கம் மட்டும் கை போகாது. ஒன்றரை வருஷம் கழித்து ஐந்து பேர் பழனிக்குப் போய் மொட்டை போட்டோம். அப்படியே கொடைக்கானலையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். கொடைக்கானல் வேண்டுதலில் இல்லை. அதைத் தெருவில் யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

கைக்கும் வாய்க்குமாக ஓடும் ஒரு குடும்பம் நாலு நாள் வெளியூர் போய்வரப் பணம் சேர்ப்பது எப்படி என்ற கேள்வியை அறந்தாங்கியில் இருந்துகொண்டு கேட்டால், அந்தப் பாட்டிலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும் பணம் சேர்க்க இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சும்மா நாலு இடம் பார்க்கப் போவதற்கென்று ஒரு சீட்டு, ஒரு குழு, ஒரு நோட்டு இங்கே இருந்ததில்லை. பேச்சு வழக்கே அதற்கு இடம் கொடுப்பதில்லை. ‘ஊர் சுத்துறான்’ என்றால் அது வசவு. கோயிலுக்குப் போனால் புண்ணியம், துக்கம் கேட்கப் போனால் கடமை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனால் மட்டும் நோட்டீசில் ‘இன்பச் சுற்றுலா’. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாருக்கு ‘உலகம் சுற்றிய தமிழன்’ என்பது பட்டம். அதே சுற்றலை உள்ளூர்க்காரன் செய்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

ஏழைக்குப் பயணம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பழைய சேது சாலை நமக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டித்தான் போகிறது. அதில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802இல் எழுந்தது. மணமேல்குடியிலும் மீமிசலிலும் சத்திரங்கள் இருந்தன. சேதுபாவாசத்திரம் என்ற ஊர் தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இந்தச் சத்திரங்கள் என்ன செய்தன என்பதை இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியிருக்கிறார். சாதி பார்க்காமல் எல்லா வழிப்போக்கர்களுக்கும் சாப்பாடு, நள்ளிரவில் மணி அடித்துப் பசியோடு இருப்பவர்களைக் கூப்பிடும் ஏற்பாடு, காய்ச்சல்காரருக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் வரை. மானியங்களைக் கம்பெனியின் கைபடாமல் காப்பாற்றவே அவர் அதை எழுதினார், எனவே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி தள்ளினாலும், கையில் காசில்லாதவன் ராமேஸ்வரம் போய்வர முடிந்தது என்பது மிஞ்சும். அந்தப் பயணத்தின் பெருஞ்செலவைப் பயணி சேர்க்கவில்லை, வழி ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது கதை ரயில். அன்று அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லா; புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்தது 1974இல். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு சிறு ரயில்வே வரியும் சேர்த்து வருஷக்கணக்கில் வசூலித்து, அந்தப் பணத்தில் சொந்தமாகவே பாதை போட்டது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை, 1902இல் பட்டுக்கோட்டை, 1903 கடைசியில் அறந்தாங்கி. கூட்டாகச் சீட்டுக் கட்டி ஒரு ரயிலையே எடுத்த ஜில்லா என்று சொல்லலாம். பிறகு 1952இல் காரைக்குடி இணையும் வரை, அரை நூற்றாண்டு, தண்டவாளம் நம்மூரோடு நின்றது. கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய மீட்டர் கேஜ் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஸ்டேஷன் ரோட்டில் இன்னும் இருக்கிறார்கள். அகலப் பாதைக்காக நிறுத்திய வண்டி திரும்பி வரப் பல வருஷம் ஆகிவிட்டது.

இன்றைய நிலைமை பரவாயில்லை. காரைக்குடி–பட்டுக்கோட்டை அகலப் பாதை 2018இலும், அங்கிருந்து திருவாரூர் வரை 2019இலும் திறந்தது. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி, தாம்பரம்–செங்கோட்டை, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிய ராமேஸ்வரம்–தாம்பரம் ஆகிய விரைவு வண்டிகள் இந்த வழியாகத்தான் போகின்றன. முதல் இரண்டும் தினசரி வண்டிகள் அல்ல. ஆனாலும் வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், தென்காசி என்று மூன்று பக்கத்துக்கும் வண்டி மாறாமல் போக முடிகிற ஊர் இப்போது இது. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் தெரியாது.

இனி பணம். எங்கள் பக்கத்துச் சேமிப்பு என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் பந்தலும் கறிச்சோறும் மொய் நோட்டும்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கியதை எழுதி வைத்து அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பி, மேலே கொஞ்சம் புது மொய். ஒரு குடும்பத்துக்கு மறுபடி முறை வரச் சில வருஷம் ஆகும். இதில் வரும் தொகை பெரியது, அதனாலேயே அது பயணத்துக்குப் போகாது. போர் போடுவார்கள், கடன் அடைப்பார்கள், பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். மொய்ப் பணத்தில் ஊட்டிக்குப் போனான் என்று பெயர் வாங்க யாரும் தயாராக இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு மொய் நோட்டில் திரும்பி வராத வரிகள் பல வீட்டில் உண்டு.

ஏலச்சீட்டு வேறு ரகம். அவசரக்காரன் தள்ளி எடுப்பான், பொறுமைசாலி கடைசியில் முழுசாக எடுப்பான். சுற்றுலா என்பது எந்த மாதத்துக்கும் அவசரமில்லாத செலவு, எனவே சீட்டின் கடைசி மாதத்துக்கு அது பொருத்தமான காரியம். நடைமுறையில் கடைசிச் சீட்டு எடுக்கிறவருக்கு ஒரு பயம் உண்டு: அதுவரை சீட்டுக்காரர் ஊரில் இருப்பாரா? 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுதான் சட்டத்தின் கண்ணில் சீட்டு. அதில் நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவில்லாத தெருச்சீட்டு முழுக்க முழுக்க ஆளை நம்பிப் போடுவது. தீபாவளிச் சீட்டில் பட்டாசும் பாத்திரமும் ஸ்வீட் பெட்டியும் தருவதாகச் சொல்லிக் கம்பி நீட்டிய கதைகள் தமிழ்நாட்டில் வருஷம் தவறாமல் வருகின்றன. நானும் ஒரு முறை மாதம் இருநூறு வீதம் ஒன்பது மாதம் கட்டிக் கடைசியில் ஒரு குக்கர் மட்டும் பார்த்தவன்தான். குக்கர் இன்னும் விசில் அடிக்கிறது, அது வேறு விஷயம்.

தபால் ஆபீஸ் ஆர்டி பத்திரமானது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம். ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு, மூன்று வருஷம் முடியாமல் மூட விடமாட்டார்கள். ஒரு வருஷத்தில் குற்றாலம் போக நினைக்கிறவர் அதில் போட்டால் குற்றாலத்தில் மூன்று சீசன் முடிந்திருக்கும். வருஷப் பயணத்துக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஓராண்டு ஆர்டி போதும். காசி, டெல்லி என்று பெரிய கனவு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தபால் ஆபீஸ். நகைக்கடைச் சீட்டை இந்தக் காரியத்துக்கு நினைக்கவே வேண்டாம். நகைதான் கிடைக்கும், அடகு வைத்துத்தான் பஸ் ஏற வேண்டும்.

அப்புறம் மகளிர் குழு. 1989இல் தருமபுரியில் பன்னாட்டு நிதி உதவியோடு தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய சுயஉதவிக் குழுக்களில் சேமிப்பும் உண்டு, உள்கடனும் உண்டு. ஆனால் தீர்மான நோட்டில் கடனுக்குக் காரணம் எழுத வேண்டும். ‘மாடு வாங்க’, ‘மருத்துவச் செலவு’, ‘கல்விக் கட்டணம்’. ‘கடல் பார்க்க’ என்று எழுதிய குழுவை நான் கண்டதில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பர் 15இலிருந்து உரிமைத் தொகை 1,000 ரூபாய் தகுதியுள்ள பெண்களின் கணக்குக்கு நேரே வருகிறது. இந்த இரண்டும் கையில் தங்கும் விதம் வேறு வேறு. ஆயிரம் ரூபாய் தேதியோடு, குறுஞ்செய்தியோடு வருகிறது. அது தெரிகிற பணம். 888 தெரியாத பணம். அது செலவாகாமல் போன பணம் என்பதால் எங்கேயும் குவிந்து கிடக்காது, பாலிலும் தக்காளியிலும் கரைந்துவிடும். டிக்கெட் எடுக்காத ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து ரூபாயை டப்பாவில் போட்டால்தான் அது பணம் ஆகும்.

இங்கிலாந்தின் லங்காஷைர் பஞ்சாலை ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இதைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் ஓர் ஊரின் ஆலைகள் எல்லாமே மூடும். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த வாரத்துக்கென்றே ஆலையிலும் தேவாலயத்திலும் மதுக்கடையிலும் சங்கம் வைத்து வாராவாரம் சில்லறை கட்டினார்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மொத்தமாக வாங்கிக்கொண்டு ஓல்டாம் போன்ற ஊர்களே பாதி காலியாகி பிளாக்பூல் கடற்கரைக்குப் போயின. நம்முடைய தீபாவளிச் சீட்டும் அதே யந்திரம்தான். கடைசியில் ரயில் டிக்கெட் வரவேண்டிய இடத்தில் நமக்கு அதிரசத்துக்கு வெல்லம் வருகிறது. அவர்களுடைய சங்கத்துக்குப் பெயரும் ஒரு தேதியும் இருந்தன. அம்மாவின் பாட்டிலிலும் பெயர் இருந்தது, பழனி. பெயரில்லாத சேமிப்பு எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் நாளைத் தாண்டியதில்லை.

எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா ஒருத்தர் இதைத் தானாகக் கண்டுபிடித்தார். வீட்டுக்காரர் இரும்புக்கடையில் வேலை, பெண்ணுக்குப் பதினொன்று, பையனுக்கு எட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றின் அட்டையில் ‘குற்றாலம்’ என்று எழுதினார். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கூலி, ஓரம் அடிக்கும் கூலி போன்ற உதிரிக் காசு மட்டும் அதில். தையல் கூலி வீட்டுக்கு. வாரம் 150 கணக்கு, முடியாத வாரத்தில் கோடு. கோடு போக நாற்பத்து நாலு வாரத்தில் 6,600 சேர்ந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பஸ் போகவர 1,380. டவுன் பஸ், ஆட்டோ 300. ரூம் இரண்டு ராத்திரி 1,800. சாப்பாடு 1,500, அதில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் மட்டும் 520, பக்கத்தில் ‘இவர் ஆசைக்கு’ என்று குறிப்பு. ரம்புட்டான், மங்குஸ்தான், சிப்ஸ் 400. படகு 100. மொத்தம் 5,480.

“மிச்சம் எங்கே அக்கா?” என்றேன்.

“மிச்சமா? வந்த மறுநாள் தெருவுக்கே சிப்ஸ் பொட்டலம் போட்டுக் குடுத்தேன்ல தம்பி, நீ திங்கல?” என்றார்.

தின்றேன். அந்த வரி நோட்டில் இல்லை. ஊருக்குப் போய்வந்தவர்கள் வெறுங்கையோடு தெருவுக்குள் நுழைய முடியாது என்பது நம் பக்கத்துப் பயணத்தின் எழுதாத செலவு. கோயிலானால் பிரசாதம், குற்றாலமானால் சிப்ஸ், திருநெல்வேலி வழியாக வந்தால் அல்வா. கணக்குப் போடுகிறவர்கள் நூற்றுக்கு எட்டுப் பத்து இதற்கு ஒதுக்கிவிடுவது நல்லது. மறந்தால் அது கடனில்தான் வரும்.

அக்காவின் கணக்கில் கவனிக்க வேண்டியது பஸ். 2018 ஜனவரியில் திருத்திய கட்டணப்படி சாதாரண பஸ் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸ் 75 காசு. பெரியவர்கள் நாலு பேர் எக்ஸ்பிரஸில் போனாலும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். வாடகைக் கார் என்றால் பதினாலு, பதினைந்து, அதுவும் திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்து. டோலும் ஓட்டுநர் பேட்டாவும் தனி. பயணச் செலவை எது தீர்மானிக்கிறது என்பது இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகிறது. டீயைக் குறைத்து, இட்லியைக் குறைத்து மிச்சம் பிடிக்கிறவர்கள் காரில் ஏறிய நிமிஷமே அத்தனையையும் தோற்றிருப்பார்கள்.

வேன் இதற்கு நடுவில் வரும். பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குப் பக்கம், பஸ்ஸைவிடக் கூடுதல்தான். ஆனால் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டையோடு போகலாம், வழியில் நாலு கோயிலில் நிறுத்தலாம், பாட்டியைத் தூக்கி இறக்கலாம். வேனின் எதிரி வாடகை அல்ல, ஆள் கழன்றுகொள்வது. கிளம்பும் வாரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஐந்து சீட் காலி, மிச்சப் பேர் தலையில் அந்தப் பங்கு. சபரிமலைக் குருசாமிகள் இதில் கெட்டி. மாலை போடும் அன்றே பாதிப் பணம் வாங்கிவிடுவார்கள், ஆள் வராவிட்டாலும் அது திரும்பாது. நாற்பத்தெட்டு நாள் விரதம் என்பது ஒரு வகையில் நாற்பத்தெட்டு நாள் சேமிப்பும் கூட. பீடி, சிகரெட், குடி, கறி எல்லாம் நின்றுபோன காசு எங்கே போகிறது என்று பார்த்தால் வேன் வாடகையில் இருக்கும்.

ரயிலில் போக நினைப்பவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதாவது டிக்கெட்டுக்கான பணம் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். மே மாதம் போகிறவரின் சீட்டு மார்ச்சிலேயே முடிய வேண்டும். இதைக் கவனிக்காமல் மே மாதச் சம்பளத்தை நம்பி இருப்பவர்தான் கடைசியில் தட்கலுக்கு ஓடுவார். ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை, பன்னிரண்டுக்குள் தனி படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட். முதியோருக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் போனது, இன்னும் திரும்பவில்லை. தாத்தா பாட்டியை அழைத்துப் போகும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

பணம் சேர்ந்த பிறகும் ஒன்று குறுக்கே நிற்கிறது: நாள். இதுபற்றிப் பேசுகிறவர்கள் குறைவு, ஆனால் அறந்தாங்கியில் முக்கால்வாசிப் பேரின் பயணம் பணமில்லாமல் நிற்பதைவிட நாளில்லாமல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். குடும்பமே வீட்டில் இருக்கும், கையில் மட்டும் காசிருக்காது. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல் போடுகிறவனுக்குத் தை, மாசியில் பணம். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை. துணிக்கடைப் பெண்ணுக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதம் என்று வருஷம் முழுக்க நிற்கும் வேலை. ஊர் சுற்றப் போகும் எல்லோரும் போகும் நாளில்தான் அவளுக்கு வியாபாரம்.

சட்டத்தில் அவளுக்கு இடம் உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்கிறது. இதை நான் பேச்சுவாக்கில் சொன்னபோது ஒரு கடைச் சிப்பந்தி சிரித்தார். “பன்னெண்டு நாளா? நான் கல்யாணத்துக்கே நாலு நாள்தாங்க எடுத்தேன்.” பிரான்சில் 1936இல் வேலைநிறுத்தங்களின் அழுத்தத்தில் எல்லாத் தொழிலாளருக்கும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கினார்கள். கையோடு கையாக லியோ லாக்ரான்ஜ் என்ற இளம் துணை அமைச்சர் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்து வருஷாந்தர டிக்கெட் ஒன்றையும் கொண்டுவந்தார். அதுவரை கடலையே பார்க்காதவர்கள் அந்தக் கோடையில் கடற்கரைக்கு வந்தார்கள். நாளும் டிக்கெட்டும் சேர்ந்து வந்ததால் அது நடந்தது. நம்மூரில் மத்திய அரசு ஊழியருக்கு நாலாண்டுக் கட்டத்துக்கு இத்தனை முறை என்று பயணச் சலுகை இருக்கிறது. கடைக்காரப் பையனுக்கு ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் தூக்கம்.

நாள் கையில் உள்ளவர்கள் செய்யக்கூடிய பெரிய மிச்சம், கூட்டம் போகும் நாளில் போகாமல் இருப்பது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் மே மாதச் சனிக்கிழமை பதினாலு பேர் வேனில் கொடைக்கானல் போனோம். மலைப்பாதையில் நாலு மணி நேரம் வண்டி நகரவில்லை. அந்த நாலு மணி நேரத்தில் வேகவைத்த சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் மட்டும் எண்ணூறு ரூபாய் கொடுத்தோம். போனில் பேசி வைத்த விடுதியில் ரேட் இரட்டிப்பு ஆகியிருந்தது. கடைசியில் ஏரியைப் பார்த்தோமா என்று எனக்கே சந்தேகம். போட்டோ இருக்கிறது, அதனால் பார்த்திருக்கிறோம். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகு, அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை என்பது இன்னொரு லாபம். குற்றாலத்துக்கும் இதே விதிதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் சனி, ஞாயிறு ரூம் வாடகையும் செவ்வாய், புதன் வாடகையும் ஒன்றாக இருக்காது. அங்கே ஓர் ஆபத்தும் உண்டு: தண்ணீர் விழாவிட்டாலும் பயணம் வீண், வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாலும் வீண். கிளம்பும் முன் தென்காசிப் பக்கம் யாரையாவது போனில் பிடிப்பது நலம்.

தங்கும் இடத்தில் கோயில் சார்ந்த பயணத்துக்கு இன்னும் பழைய சத்திரத்தின் நிழல் இருக்கிறது. பழனியில் தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம், வேளாங்கண்ணியில் பேராலய விடுதிகள், ராமேஸ்வரத்தில் பல சமூகத்தாரின் மடங்களும் சத்திரங்களும். பழனியிலும் ஸ்ரீரங்கத்திலும் 2012இலிருந்து நாள் முழுக்க அன்னதானம். அறநிலையத் துறை 2022-23இல் 200 பேரை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு அரசுச் செலவில் அழைத்துப் போனது. 2024இல் அறுபது வயது கடந்தவர்களுக்கு அறுபடை வீட்டுப் பயணம் தொடங்கியது. எல்லாம் சாமியின் பெயரில். சும்மா மலை பார்க்கப் போகிற குடும்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை, தனியார் லாட்ஜ்தான். பக்கத்துக் கேரளத்தில் 2020 நவம்பரில் மூணாறு பஸ் டிப்போவில் ஓடி ஓய்ந்த பஸ்களுக்குள் படுக்கை போட்டு ராத்திரிக்கு 100 ரூபாய்க்கு விட்டார்கள். மறு வருஷம் அரசுப் போக்குவரத்துக் கழகமே மலிவுச் சுற்றுலாவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. பஸ் அவர்களுடையது, ஓட்டுநர் அவர்களுடையவர், டிப்போ இடம் அவர்களுடையது. கூடுதலாக வேண்டியிருந்தது யோசனை ஒன்றுதான். நம் டிப்போக்களில் ஓய்ந்த பஸ்ஸுக்குக் குறைவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் நாளுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லி, ஒரு தூக்கில் தயிர் சாதம் என்பது நம் பாட்டிகள் கண்ட வழி, அதை மிஞ்ச ஒன்று வரவில்லை. மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் அம்மா உணவகம் இட்லியை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கிறது. அங்கே வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் கூச்சத்துக்கு ஒரு விலை போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு வேளை மட்டும் பிள்ளைகள் கேட்கும் கடையில் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பத்து வருஷம் கழித்து அவர்கள் நினைவில் அருவி இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பரோட்டா இருக்கும்.

இதெல்லாம் முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அது பிங்க் நிற முகப்போடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் சுமார் 14 கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருவாசகம் சொன்ன மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை அது. மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டி ஆவியைத்தான் நைவேத்தியம் செய்கிறார்கள். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்த கொடுங்கையை அண்ணாந்து பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் ஸ்தபதிகள் ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதுவார்களாம். நம் தெருவில் அந்தக் கூரையை நிமிர்ந்து பார்க்காமல் விபூதி வாங்கிக்கொண்டு திரும்பியவர்களே அதிகம். இன்னொரு பக்கம் பேராவூரணி தாண்டி சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் மனோரா, நெப்போலியன் தோற்ற சந்தோஷத்தில் அதே சரபோஜி 1814-15இல் கட்டியது. மேற்கே திருமயம் கோட்டை, சித்தன்னவாசல், புதுக்கோட்டை அருங்காட்சியகம். தூரம் போனால்தான் பயணம் என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சேது சாலையில் நடந்து வந்த வடநாட்டுக்காரனுக்கு நம் மணமேல்குடிதான் தூர தேசம்.

கடன் வாங்கிப் போவது பற்றியும் ஒரு வார்த்தை. செல்போனில் ‘இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்’ என்று கூப்பிடுகிற காலம் இது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனைக் கட்டும்போது ஒரு சமாதானம் இருக்கும். குளித்துவிட்டு வந்த அருவிக்கு எட்டு மாதம் தவணை கட்டும்போது நாலாவது மாதமே அருவி மேல் கோபம் வரும். அம்மாவின் பாட்டிலில் கோபம் இல்லாததற்கு அதில் முன்கூட்டியே எல்லாம் கட்டி முடிந்திருந்ததும் ஒரு காரணம். ஒரு முறை தம்பி அதிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து ஐஸ் வாங்கித் தின்றுவிட்டான். அம்மா அடிக்கவில்லை. மறுநாள் அந்த ஐந்தைப் போட்டுவிட்டு, மேலே ஒரு ரூபாய் அபராதமும் தானே போட்டார். சாமிக்குக் கணக்குத் தெரியும் என்றார்.

போன வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போனேன். மிஷின் மேல் புது நோட்டு கிடந்தது, அட்டையில் ‘கன்னியாகுமரி’. முதல் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தது: மூன்று தேதிகளுக்கு நேரே 150, நாலாவதுக்குக் கோடு. அதற்குக் கீழே, புதிதாக, ‘தெருவுக்கு – 600’ என்று தனி வரி.